வீட்டு நாய், பூனையைப் படம்பிடிக்கக் குறைந்த விலைக் கேமரா: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி-பதில்

பத்தாயிரத்துக்குள் ஒரு நல்ல வீடியோ கேமரா சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

கேமராவின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது நாய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமா, அல்லது நீங்கள் பக்கத்தில் இருந்தே அதன் விளையாட்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் வேறு வேறு வேலை. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்குத் தேவை முதலாவது. அதற்குச் சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும், தலை திரும்பும் வைஃபை கேமரா போதும். குட்டி போட்ட பூனையை அழகாகப் படம்பிடித்து வைக்க விரும்புகிறவருக்கு அந்தக் கேமரா உதவாது. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் போன்தான் பெரும்பாலும் சரியான கேமரா. கூடுதலாக ஒரு ஸ்டாண்டும் ஓரிரு எல்இடி பல்பும் வாங்கினால் வேலை முடிந்தது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேமரா தேடுகிறவர்கள்தான் பணத்தை வீணாக்குகிறார்கள். கண்காணிப்புக் கேமராவில் ஓடும் நாய் துண்டு துண்டாகத் தெரியும், ஏனென்றால் மலிவு வகைகள் பலவும் விநாடிக்கு 15 அல்லது 20 படம்தான் பதிவு செய்கின்றன. கையில் பிடிக்கும் கேமராவோ நாள் முழுக்கப் பதிவு செய்ய ஏற்றதல்ல. சூடாகும், பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் தீரும்.

என்னிடம் 12,000 ரூபாய் போன் இருக்கிறது. தனிக் கேமரா தேவையா?

பகல் வெளிச்சத்தில் எடுப்பதற்குத் தேவையே இல்லை. முதலில் கேமரா செட்டிங்கில் 1080பி (படத்தின் நுணுக்க அளவு, 4கே அதைவிடப் பெரியது), 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 படம்) என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். துள்ளும் குட்டிக்கும் பந்தைத் துரத்தும் நாய்க்கும் 4கே 30-ஐவிட 1080பி 60 நல்லது. அசைவு வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும், வேண்டுமானால் பாதி வேகத்துக்குக் குறைத்தும் பார்க்கலாம். 60 இல்லாத போனில் 1080பி 30 வைத்து, வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

அடுத்தது உயரம். பெரும்பாலான வீட்டு வீடியோக்கள் நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுக்கப்படுகின்றன. அதில் பூனையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. போனைத் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். தரையில் வைத்து நிமிர்த்தக்கூடிய சின்ன ட்ரைபாட் ஒன்று வாங்குவது, புதுக் கேமரா வாங்குவதைவிடப் படத்தை அதிகம் மாற்றும்.

ஆன்லைனில் ‘4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு சூம்’ ஹேண்டிகேம் 5,000 ரூபாய்க்கு வருகிறதே?

வாங்க வேண்டாம். பெயர் தெரியாத கம்பெனிகளின் இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது மிகச் சிறிய சென்சார். அது பிடிக்கும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி 4கே என்று சேமிக்கிறது. 16 மடங்கு என்பது டிஜிட்டல் சூம், அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸ் ஃபோகஸ் பலவற்றில் நிலையானது, அதனால் ஒரு மீட்டருக்குள் நாய் முகத்தைக் கொண்டுவந்தால் மங்கும். அறைக்குள் மாலை நேரத்தில் எடுத்தால் கறுப்பில் புள்ளி புள்ளியாக நெளியும். அதே பணத்துக்கு நல்ல ட்ரைபாட், பல்பு, சட்டையில் குத்தும் மைக் மூன்றும் வாங்கி, கையில் இருக்கும் போனை வைத்தே இதைவிட நல்ல படம் எடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனிலும் அதிலும் 10 விநாடி எடுங்கள். டிவியில் அல்லது கணினியில் நிறுத்திப் பாருங்கள். எதில் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதோ அதுதான் நல்ல கேமரா.

டியூப் லைட்டில் எடுத்தால் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும், மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அந்தத் துடிப்போடு பொருந்தாவிட்டால் ஒரே படத்தில் சில பகுதி வெளிச்சமாகவும் சில பகுதி இருட்டாகவும் வரும். அதுதான் கோடு.

வைஃபை கேமராவின் செயலியில் ‘ஆன்டி ஃப்ளிக்கர்’ அல்லது ‘பவர் ஃப்ரீக்வென்சி’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது 60 ஹெர்ட்ஸில் இருந்தால் 50-க்கு மாற்றுங்கள். போனில் ப்ரோ வீடியோ முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்கலாம். 60 எஃப்பிஎஸ்ஸில் எடுக்கும்போது 1/100 மட்டுமே பொருந்தும், ஏனென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பதே 1/60 விநாடிதான்.

விநாடிக்கு 120, 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் இந்தத் தீர்வுக்கு இடமே இல்லை. ஷட்டர் 1/120-ஐவிட வேகமாகத்தான் இருக்க முடியும், எனவே துடிப்பு கட்டாயம் பதியும். நாய் உடம்பை உதறித் தண்ணீர் தெறிப்பதையெல்லாம் ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டுமானால் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ வந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பல்பு வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. கடையில் எரியும் பல்பைப் போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். படபடவென்று துடித்தால், உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி (டிரைவர்) மட்டமானது. துடிப்பு தெரியாத பல்பு விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம்.

எங்கள் நாய் கறுப்பு. படத்தில் கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே கறுப்புப் பொட்டலமாக வருகிறது.

வெள்ளைச் சுவருக்கு முன் கறுப்பு நாய் நின்றால், கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். பூட்டுக்குறி வந்ததும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். சுவர் வெளுத்துப் போகும், பரவாயில்லை, நாய்தான் நமக்கு வேண்டும். வெள்ளைப் பூனைக்கு நேர் எதிர், கீழே தள்ள வேண்டும்.

அதைவிட முக்கியம் வெளிச்சம் வரும் திசை. ஜன்னல் நாய்க்குப் பின்னால் இருக்கக் கூடாது, உங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். கறுப்பு ரோமத்தின் மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால்தான் பளபளப்பும் உடல்வாகும் தெரியும். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் ஜன்னல் சிறியது, உள்ளே மதியத்திலும் இருட்டு. அங்கே திண்ணையோ தாழ்வாரமோதான் சிறந்த இடம். நேர் வெயில் படாமல், வானத்து வெளிச்சம் மட்டும் பரவலாக விழும்.

இரவில் எடுப்பதானால் 9 வாட் எல்இடி பல்பு இரண்டை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசாது. போனின் ஃப்ளாஷ் லைட்டை நேராக முகத்தில் அடித்துப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. கண் பச்சையாக எரிவது அதனால்தான். அவற்றுக்கு அந்த வெளிச்சம் நம்மைவிட அதிகம் கூசும்.

வைஃபை கேமரா வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

க்யூபோ, சிபி பிளஸ் என்று தெரிந்த பெயர்களில் முதலில் சொன்ன விலைக்குள் கிடைக்கிறது. பெயரைவிட இந்த விவரங்களைப் பாருங்கள். 1080பி போதும், 3 மெகாபிக்சல் என்றால் இன்னும் தெளிவு. மைக்ரோ எஸ்டி கார்டு போடும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கார்டு இல்லாமல் கிளவுடில் மட்டும் சேமிக்கும் கேமரா மாதாமாதம் சந்தா கேட்கும். தலை இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்ப வேண்டும், நாய் ஒரே இடத்தில் இருக்காது. இருட்டில் பார்க்கும் அகச்சிவப்பு விளக்கு வேண்டும். தானாகப் பின்தொடரும் வசதி இருந்தால் நல்லது, ஆனால் அது மனிதனை மட்டும் பின்தொடர்கிறதா, விலங்கையும் கண்டுகொள்கிறதா என்று பெட்டியில் படியுங்கள். மனிதனை மட்டும் அறியும் வகை உங்கள் பூனையைக் கண்டுகொள்ளாது.

இந்த விலையில் உள்ளவை பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் வேலை செய்யும். இணைப்பு ஏறவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் கேமராக்களில் பல இதனால்தான் திரும்புகின்றன. ரௌட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், செட்டிங்கில் பெயரைப் பிரித்து, போனையும் 2.4-ல் இணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வைஃபை பாஸ்வேர்டில் விசித்திரமான குறிகள் இருந்தாலும் சில கேமராக்கள் தடுமாறும்.

எங்கள் கொட்டாயில் பிராட்பேண்ட் இல்லை. என்ன செய்வது?

வழி மூன்று. பதிவு மட்டும் போதும், மாலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றால், போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை கேமராவை அமைத்துவிட்டுக் கார்டில் பதிய விடலாம். இதற்கு இரண்டு போன் வேண்டும். ஒன்று ஹாட்ஸ்பாட் தர, இன்னொன்றில் செயலி. ஹாட்ஸ்பாட்டை அணைத்த பிறகும் கார்டில் பதிவு தொடர்கிறதா என்று அன்றே சோதித்துவிடுங்கள். இணைய நேரம் கிடைக்காமல் தேதி தவறாகப் பதியும் வகைகளும் உண்டு.

இரண்டாவது, சிம் போடும் 4ஜி ரௌட்டர். மூன்றாவது, சிம் நேராகப் போடும் 4ஜி கேமரா, விலை கூட. கடைசி இரண்டுக்கும் டேட்டா கணக்கு தெரிய வேண்டும். 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் நேரலை பார்த்தால் சுமார் 675 எம்பி போகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இரண்டேகால் மணி நேரம் பார்த்தாலே தீர்ந்துவிடும். செயலியில் படத்தரத்தை எஸ்டி (குறைந்த தரம்) என்று குறைத்துப் பாருங்கள், நாய் தூங்குகிறதா என்று தெரிய அது போதும். பென்னாகரம், தளி, அஞ்செட்டி பக்கம் மலையோர இடங்களில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறது என்று போனில் பார்த்த பிறகே சிம் வாங்குங்கள்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது, நாய் தனியாக இருக்கும் நேரமும் அதுதான். கேமரா பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடுகிறது, எடுப்பது 5 வாட்டுக்குள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஏறத்தாழ 6 மணி நேரம் கேமரா மட்டும் ஓடும். ஆனால் பவர் பேங்கை நிரந்தரமாக நடுவில் வைக்க நினைத்தால், சார்ஜ் ஏறும்போதே வெளியே மின்சாரம் தரும் வகையாக அது இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் பலவற்றில் மின்சாரம் மாறும் நொடியில் ஒரு வெட்டு விழும், கேமரா அணைந்து எரியும்.

ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைக் குறித்துக்கொண்டு போங்கள். 5 வோல்ட் யுஎஸ்பி துளையும் உள்ள யுபிஎஸ்ஸாக இருந்தால் கேமராவுக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். இவ்வளவு செய்தும், தெருவில் கேபிள்காரரின் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் இணையம் நின்றுவிடும். அந்த நேரத்தைப் பிடித்து வைப்பது கார்டு மட்டுமே.

மின் கட்டணம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 5 வாட் என்றே வைத்தாலும் மாதம் 3.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் ஏழு யூனிட் சொச்சம்.

எத்தனை ஜிபி கார்டு?

1.5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு நாள் முழுப் பதிவு 16 ஜிபி. எனவே 64 ஜிபி கார்டில் மூன்றரை நாள், 128-ல் ஏழு நாள். பிறகு பழையது தானாக அழிந்து புதியது ஏறும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் இன்னும் பல நாள் வரும். கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டின் மேல் ‘ஹை என்ட்யூரன்ஸ்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்க மாட்டாமல் சில மாதங்களில் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய்விடும், செயலியோ பதிவாவது போலவே காட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். 1 டிபி கார்டு 500 ரூபாய் என்று வருவதெல்லாம் போலி. உண்மையில் சில ஜிபி மட்டும் இருக்கும், மீதி எழுதியது போலக் காட்டி அழிந்துபோகும். சந்தேகம் இருந்தால் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

எங்கே, எப்படி மாட்டுவது?

ஆறேழு அடி உயரத்தில், அறையின் மூலையில், வாசல் கதவும் நாயின் படுக்கையும் ஒரே பார்வையில் வரும்படி. அலமாரியில் சும்மா வைத்தால் பூனை தட்டிவிடும். பெட்டியோடு வரும் இரட்டைப் பக்க ஒட்டுநாடா சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்காது. சுண்ணாம்போடு பெயர்ந்து ஒரே வாரத்தில் கேமரா கீழே விழும். டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் நம்ப முடியாது. 6 மில்லிமீட்டர் துளை போட்டு, ராவல் பிளக் இறக்கி, இரண்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். மண் சுவராக இருந்தால் துளை போட வேண்டாம், உத்திரத்திலோ மரச் சட்டத்திலோ மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினாலும் செயலியில் படத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

வயர்தான் ஆபத்து. நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதத்தில் தொங்கும் எதையும் கடிக்கும். முயலுக்கு வயதே கிடையாது, எப்போதும் கடிக்கும். கேமரா வயரில் 5 வோல்ட்தான், ஆனால் அடாப்டர் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரில் 230 வோல்ட். அடாப்டரை உயரமான பிளக்கில் நேராகச் செருகி, கீழிறங்கும் வயரை பிவிசி கேசிங் பட்டிக்குள் விட்டு மூடுங்கள்.

ஓடும் மின்விசிறி படத்துக்குள் வரக் கூடாது. வந்தால் அசைவு எச்சரிக்கை நிற்காது.

ராத்திரி முழுக்க ‘அசைவு கண்டறியப்பட்டது’ என்று போன் அடிக்கிறது. நாய் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

லென்ஸுக்கு முன்னால் சிலந்தி நூல் இருக்கிறதா பாருங்கள். அகச்சிவப்பு விளக்கின் மிதமான சூட்டுக்கும் பக்கத்து பல்பின் ஒளிக்கும் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தியும் பல்லியும் வரும். லென்ஸுக்கு அருகில் இருப்பதால் ஒற்றை நூல்கூட வெள்ளைக் கயிறு போலத் தெரிந்து காற்றில் ஆடும். மழைக்குப் பின் ஈசல் பறக்கும் நாட்களில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பாயும். வாரம் ஒருமுறை காய்ந்த மென்மையான துணியால் துடையுங்கள், கேமராவைப் பல்பிலிருந்து தள்ளி வையுங்கள், செயலியில் உணர்திறனைக் குறைத்து, நாய் நடமாடும் பகுதியை மட்டும் கட்டம் போட்டுக் கொடுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க நினைத்தால் இரவில் ஒரே வெள்ளையாக வரும். கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டு, வாசலில் ஒரு விளக்கை எரிய விடுங்கள்.

பகலிலிருந்து இரவு முறைக்கு மாறும்போது ‘டிக்’ என்று கேட்பது கோளாறு அல்ல. உள்ளே ஒரு சிறு வடிகட்டி நகர்கிறது.

தகரக் கொட்டகையில் நாய் கட்டியிருக்கிறோம். அங்கே வைக்கலாமா?

வீட்டுக்குள் வைக்கும் கேமராக்கள் பொதுவாக 40 டிகிரி வரை தாங்கும் என்று எழுதித் தருகிறார்கள். தருமபுரியில் சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அதைத் தாண்டிவிடும். ஐபி65 அல்லது ஐபி66 (தூசும் தெறிக்கும் தண்ணீரும் புகாது) என்று குறித்த வெளிப்புறக் கேமராவை, கூரையிலிருந்து ஓரடியாவது கீழே, தூணில் மாட்டுங்கள். அந்தக் கொட்டகை கேமராவுக்கே சூடு என்றால் நாய்க்கு இன்னும் மோசம். கூரை மேல் தென்னங்கீற்று போட்டு, தண்ணீர்ப் பாத்திரம் தெரியும்படி கேமராவைத் திருப்பி வையுங்கள். தண்ணீர் தீர்ந்ததை அலுவலகத்திலிருந்தே பார்த்து, பக்கத்து வீட்டில் சொல்லலாம்.

பழைய போனையே கண்காணிப்புக் கேமராவாக வைக்கலாமா?

வைக்கலாம், செலவில்லை. ஆல்ஃப்ரெட் போன்ற செயலியை இரண்டு போனிலும் ஒரே கணக்கில் போட்டால் போதும். இருட்டில் பார்க்காது, தலை திரும்பாது. பெரிய கவலை பேட்டரி. நாள் முழுக்கச் சார்ஜரில் இருந்து சூடாகி உப்பிவிடும். பின்மூடி தூக்கியிருந்தாலோ, தட்டையான மேசையில் வைத்தால் போன் சுழன்றாலோ அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆள் இருக்கும் நேரத்தில், ஓரிரண்டு மணி நேரத்துக்கு என்றால் சரி. பூட்டிய வீட்டில் நாயோடு விட்டுப் போக வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் ஹேண்டிகேம் கிடைக்கிறது. வாங்கலாமா?

கார்டில் பதியும் வகை என்றால் யோசிக்கலாம். சோனி எச்டிஆர் சிஎக்ஸ்405 போன்றவற்றில் 30 மடங்கு ஆப்டிகல் சூம் உண்டு. மரத்தில் ஏறிய பூனை, மொட்டை மாடிப் புறா, தூரத்தில் ஓடும் ராஜபாளையம் நாய் ஆகியவற்றை எடுக்க மலிவுப் போனால் முடியாததை அது செய்யும். ஆனால் சென்சார் சிறியது, அறைக்குள் இரவில் போனிடம் தோற்றுவிடும். சின்ன டேப் (MiniDV) போடும் பழைய வகையை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விடுங்கள். டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்ற ஃபயர்வயர் துளை வேண்டும், இன்றைய லேப்டாப்புகளில் அது இல்லை.

பார்க்கப் போகும்போது டார்ச் கொண்டு போங்கள். லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பார்த்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். சூமை முழுக்க நீட்டிச் சுருக்கி, இரண்டு நிலையிலும் ஃபோகஸ் பிடிக்கிறதா பாருங்கள். மூடியைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்தால், கெட்டுப்போன பிக்சல்கள் வெள்ளை, சிவப்புப் புள்ளியாக நிற்கும். ஒரிஜினல் பேட்டரியும் சார்ஜரும் இல்லையென்றால் விலையில் நன்றாகவே குறைத்துக் கேளுங்கள்.

சத்தம் சரியாகப் பதியவில்லை.

மின்விசிறிதான் காரணம். எடுக்கும் இரண்டு நிமிடம் அணையுங்கள். பூனையின் குறுகுறுப்புச் சத்தம் வேண்டுமானால், 3.5 மில்லிமீட்டர் முனையுள்ள காலர் மைக் ஒன்றை அதன் படுக்கையின் ஓரத்தில் வையுங்கள், ஒன்றரை அடிக்குள். உங்கள் போனில் அந்தத் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றியும் தேவை, மைக்கோடு கொண்டுபோய்க் கடையிலேயே பதிந்து பாருங்கள். மைக் ஏற்காத மாற்றிகள் பல உண்டு.

வைஃபை கேமராவில் இங்கிருந்து பேசும் வசதியைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். குரல் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் சில நாய்கள் வீடு முழுக்கத் தேடி அலைந்து கதவைப் பிறாண்டும். முதல் இரண்டு மூன்று முறை பேசிவிட்டு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

மீன் தொட்டி, கிளிக்கூண்டு?

மீன் தொட்டிக்கு அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் எரிய விட்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல நேராக வையுங்கள். உங்கள் பிம்பம் விழாது. லவ் பேர்ட்ஸ் கூண்டில் கம்பி மேல் ஃபோகஸ் போய்விடும். லென்ஸைக் கம்பி இடைவெளிக்குள் நெருக்கிவிட்டு, பறவை மேல் தொட்டுப் பூட்டுங்கள். பச்சைக்கிளியை வளர்ப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். அதைப் படம்பிடிப்பது எப்படி என்று கேட்பவர்களிடம் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

வெளியாள் யாராவது கேமரா வழியாக எங்கள் வீட்டைப் பார்த்துவிட முடியுமா?

கவனக்குறைவு இருந்தால் முடியும். கேமரா செயலிக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள், மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் அன்றே ஏற்றுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது லென்ஸை மூடும் பிரைவசி முறையைப் போடுங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். படுக்கையறையில் வேண்டாம். பழைய கேமரா வாங்கினால், விற்பவர் தன் செயலியிலிருந்து அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். நீக்காவிட்டால் பலவற்றை உங்கள் கணக்கில் சேர்க்கவே முடியாது, அதைவிட, அவர் போனிலும் உங்கள் வீடு தெரியலாம்.

எங்கே வாங்குவது நல்லது?

வைஃபை கேமராவை உள்ளூரில் வாங்கச் சொல்வோம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் சிசிடிவி பொருத்தும் கடைகளில் கிடைக்கிறது. ஆன்லைனைவிட ஒன்றிரண்டு நூறு கூடினாலும், இணைப்பு ஏறாதபோது கொண்டுபோய்க் காட்ட ஆள் இருக்கும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பெட்டியிலும் அடாப்டரிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் குறியும், ஆர் (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பொருள் என்று காட்டும். ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போவதுண்டு. விலை குறையும், ஆனால் இந்திய வாரண்டி இருக்கிறதா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர் வீடியோ கேட்டார். எப்படி எடுத்துக் கொடுப்பது?

ஒழுங்காக எடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி, ஏனென்றால் ஆஸ்பத்திரி மேசையில் பயந்து நிற்கும் நாய் நொண்டாது, இருமாது.

நொண்டலுக்கு: வழுக்காத சமதளத்தில், இன்னொருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடக்க வைக்கட்டும். பக்கவாட்டில் ஒரு முறை, எதிரில் வருவதை ஒரு முறை, பின்னாலிருந்து போவதை ஒரு முறை, ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி, 60 எஃப்பிஎஸ்ஸில். போன் நாயின் முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். தலை முழுக்கத் தெரிய வேண்டும், முன்னங்கால் வலி உள்ள நாய் அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும்.

மூச்சுக்கு: நாய் நன்றாகத் தூங்கும்போது விலா தெரியும்படி ஒரு நிமிடம் அசையாமல் எடுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. தூங்கும் நாய்க்கும் பூனைக்கும் நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

வலிப்புக்கு: முதலில் நாயைச் சுற்றியுள்ள நாற்காலி, படிக்கட்டிலிருந்து தள்ளி வையுங்கள், வாயில் கை வைக்காதீர்கள். பிறகு முழு உடலும் தெரியும்படி, தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை எடுங்கள். நேரம் எவ்வளவு என்று மருத்துவர் கேட்பார், வீடியோவே அதைச் சொல்லிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் படம் எடுப்பதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். நேரில் போவதானால் போனிலேயே காட்டலாம். அதைத் தனி ஃபோல்டரில் போட்டு, தேதியைப் பெயராக வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.